தாய் வீட்டை மலையேற்றியது

9-3-99, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்து பதினொரு நாள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றும்போது ஐரின் சொன்னாள்: "வினோலியாவுக்கு ஏழாம் மாசம்."

சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய் மறுபடி வரிசையில் நின்றேன். குடம் கொண்டு போகவில்லை என்பது என் முறை வந்தபோதுதான் தெரிந்தது.

11-3-99, வியாழன்

தெளிவுக்காக எழுதி வைக்கிறேன். முப்பத்து நாலு வருடம் பௌதிகம் நடத்தியவன், தான் சொன்னதை அளவாகக் குறித்து வைக்க வேண்டும்.

97 ஜூலையில் என் மகள் வினோலியா, சிறுமலை வாழைத்தோட்டத்துக்காரர் மகன் விக்னேஷ்குமாரை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு மதம். அன்று சாயங்காலம் தெருவே பார்க்க நான் சொன்ன வாக்கியங்கள் இரண்டு.

ஒன்று: "இந்த வீட்டு வாசப்படிய இனி நீ மிதிக்கக் கூடாது."

இரண்டு: "உன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

இவை தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. என் மனைவி ஐரின் எந்த வாக்கியமும் சொல்லாததால் மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இன்று குழம்பு ஊற்றும்போது சொன்னாள்: "தலைப்பிரசவத்துக்குப் பொண்ண தாய் வீட்டுக்குக் கூப்பிடாத ஒரே வீடு இந்த ஊர்ல நம்ம வீடுதான்."

குழம்பில் உப்பு இல்லை. அதையும் சொல்லவில்லை.

14-3-99, ஞாயிறு

பூசையில் கவனம் இல்லை. ஆனால் விடை கிடைத்துவிட்டது.

கன்னிவாடியில் மாதா கோவில் பங்குக்குச் சொந்தமான மாந்தோப்பில் ஒரு கேரவன் கிடக்கிறது. எப்போதோ விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவர் விட்டுப் போனது. இரண்டு சக்கரத்தில் ஒரு முழு வீடு. கட்டில், அலமாரி, ஜன்னல், கதவு எல்லாம் உண்டு. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பங்குச் சாமியாரே சொல்கிறார்.

மகள் தாய் வீட்டுக்கு வர முடியாது. தாய் வீடு மகளிடம் போகலாம் அல்லவா? கேரவன் "இந்த வீடு" அல்ல. "உன் வீடு"ம் அல்ல. இரண்டு வாக்கியமும் நிற்கும்.

ஐரினிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "காலைல எட்டரைக்கு பஸ் இருக்கு" என்றாள். புரிந்துகொள்ளவில்லை.

17-3-99, புதன்

மெக்கானிக் பீர் முகமதுவுடன் போய் என் ஜீப்பில் இழுத்துக்கொண்டு வந்தேன். மிலிட்டரி கழித்துவிட்ட ஜீப். காஷ்மீரில் ஓடியது. நான் ரிட்டையர் ஆனதும் பீர் முகமது மூலமாகத்தான் வாங்கினேன். கேரவனில் பதினான்கு கோழிகள் குடியிருந்தன. ஒன்று செம்பட்டி வரை இறங்க மறுத்துவிட்டது.

"சார், சமதரையில இழுக்கும். மலையில கஷ்டம்" என்றார் பீர் முகமது.

சிறுமலைக்குப் பதினெட்டு கொண்டைஊசி வளைவு. தெரியும். விசை, சாய்தளம், உராய்வு எல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன்.

23-3-99, செவ்வாய்

முதல் முயற்சி. காலை 10.15 புறப்பாடு, பீர் முகமதுவோடு. தாய் வீடு என்பதால் ஒரு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் ஏற்றியிருந்தேன்: இரும்புக் கட்டில், கிரைண்டர், பிள்ளை குளிப்பாட்ட அண்டா, இயேசுவின் திரு இருதயப் படம், அரிசி ஒரு மூட்டை.

நான்காவது வளைவில் ஜீப் கொதித்தது. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன்.

கொதிநீரைவிட நீராவி அதிகம் சுடும். காரணம் உள்ளுறை வெப்பம். எத்தனை பத்தாம் வகுப்புகளுக்கு நடத்தினேன்! இன்று என் முழங்கை படித்தது.

நான் கையை உதறிக்கொண்டு ரோட்டில் நின்றபோது எட்டரை பஸ் (லேட்) எங்களைக் கடந்து மேலே போனது. ஜன்னலோரத்தில் ஐரின். கை காட்டினாள். அவள் இன்று போகிறாள் என்று என்னிடம் சொல்லவே இல்லை.

27-3-99, சனி

பீர் முகமது ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே குழாய்கள் பாதி அடைத்து வெள்ளை வெளேர் என்று உப்பு. நம்ம திண்டுக்கல் போர்த் தண்ணீர். கம்பி விட்டுக் குத்தினால் சுண்ணாம்புக் காளவாய் போலக் கொட்டுகிறது.

"சார், மனுசன் குடிச்சா கிட்னி கல்லு. வண்டி குடிச்சா இது."

இனி ஜீப்புக்கு ஆத்தூர் அணைத் தண்ணீர்தான். நாங்கள் போர்த் தண்ணீர் குடிக்கிறோம்.

2-4-99, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை. ஒன்பதாம் ஸ்தலத்தில் இயேசு மூன்றாம் முறை விழுகிறார். நான் ஒரு முறைதான் விழுந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டவரே, மன்னியும்.

6-4-99, செவ்வாய்

இரண்டாம் முயற்சி. சுத்தமான ரேடியேட்டர், புது ஃபேன் பெல்ட், புது மூடி. (மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தது.)

எட்டாவது வளைவு. கொதித்தது.

மேலிருந்து வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரி இறங்கி வந்து நின்றது. ஓட்டி வந்தது அந்தப் பையன். விக்னேஷ்குமார். என்னைப் பார்த்தான். கேரவனைப் பார்த்தான். கல் எடுத்து வந்து கேரவனின் இரண்டு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தான். பிறகு ஒரு கேன் தண்ணீரை என் காலடியில் வைத்துவிட்டு, "இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க மாமா. ஓடவிட்டே ஆறட்டும். ஆஃப் பண்ணா தண்ணி ஓட்டம் நின்னு இன்னும் சூடாகும்" என்றான்.

நான் அவனிடம் பேசுவதில்லை. அதனால் பீர் முகமதுவிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

பீர் முகமது அவனிடம், "சாருக்குத் தெரியுமாம்" என்றார்.

"சரிங்கண்ணே" என்று போய்விட்டான்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

7-4-99

தண்ணீர் கேன் இன்னும் ஜீப்பில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படி?

15-4-99, வியாழன்

சுமை குறைப்பு. கிரைண்டரை இறக்கினேன். அரிசி மூட்டையை இறக்கினேன். இரும்புக் கட்டிலை இறக்கிவிட்டு நார்க் கட்டில். கேரவனுக்குள் ஒரு சின்னக் கக்கூஸ் அறை இருந்தது. பீங்கான். அதையும் பெயர்த்து எடுத்தாயிற்று.

ஐரின் கேட்டாள், "அப்ப அதுக்கு?"

"அது பிறகு."

"மாசமா இருக்கிறவளுக்கு அது பிறகு இல்லைங்க. அதுதான் முதல்ல."

திரு இருதயப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோ இருக்கும். திரும்ப மாட்டிவிட்டேன். சில சுமைகளைக் குறைக்க முடியாது.

20-4-99, செவ்வாய்

மூன்றாம் முயற்சி. பதினோராவது வளைவு. கொதித்தது.

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். ஆக மலை எனக்கு எதிராக இருக்கிறது. இதைப் பீர் முகமதுவிடம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அதே மினி லாரி.

இந்த முறை அவன் நேரே பீர் முகமதுவிடம் பேசினான்: "அண்ணே, மாமா மூணாங் கியர்ல ஏத்துறாரு. வண்டி முக்குது. ரெண்டுல போட்டு, ஆக்சிலேட்டர மிதிக்காம ஒரே சீரா விட்டா ஃபேனும் வேகமாச் சுத்தும், தண்ணியும் வேகமா ஓடும். நாங்க வாழத்தாரு இழுக்குறது அப்படித்தான்."

"மெதுவாகப் போனால் சூடு எப்படிக் குறையும்னு கேளுங்க" என்றேன்.

"கேக்குறாரு" என்றார் பீர் முகமது.

"கேட்டுச்சுண்ணே" என்றான்.

கேனைத் திருப்பிக் கொடுத்தேன். அதாவது, அவன் லாரியின் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

21-4-99

சொந்த ஆராய்ச்சியில் ஒன்று புலப்பட்டது: இரண்டாவது கியரே சரி.

28-4-99, புதன்

பிரசவத்துக்கு மே கடைசி வாரம் தேதி சொல்லியிருக்கிறார்களாம். கால் வீங்கியிருக்கிறதாம். "அம்மா, அப்பா எந்த வளைவு வரைக்கும் வந்தாரு"ன்னு கேட்டாளாம்.

ஐரின் இதைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். என்னையே கேட்டேன்: என்னடா ஸ்தனிஸ்லாஸ், பஸ்ஸில் போனால் என்ன? வீட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தால் என்ன? - வெளியே நிற்க வைத்துப் பார்க்கிற மகளுக்கு எப்படி இருக்கும்? அம்புட்டு தூரம் போய் வாசல்ல நிக்கிற அப்பனைப் பார்த்தா - வேண்டாம். இதை எழுத வேண்டாம்.

2-5-99, ஞாயிறு

பீர் முகமது ஓடி வந்தார். "சார்! இந்த ஜீப்புல ஹீட்டர் இருக்கு!"

காஷ்மீர் குளிருக்காக மிலிட்டரி பொருத்தியது. இத்தனை நாள் அதை நாங்கள் பழைய ரேடியோ என்று நினைத்திருந்தோம்.

"ஹீட்டருங்கிறது இன்னொரு சின்ன ரேடியேட்டர் சார். இன்ஜின் சூட்ட இழுத்து உள்ள உக்காந்திருக்கவுக மேல ஊதும். ஃபுல்லாத் தொறந்துவிட்டா இன்ஜின் தப்பிச்சிரும்."

"நாம?"

பீர் முகமது யோசித்தார். "நமக்குக் கொதிநிலை இல்லைல்ல சார்."

5-5-99, புதன்

நேற்று கத்திரி வெயில் ஆரம்பம். இன்று நான்காம் முயற்சி.

குளுமையிலேயே ஏறிவிட வேண்டும் என்று விடியற்காலை ஐந்துக்குத் திட்டம். புறப்படும்போது கேரவன் டயர் பஞ்சர். புறப்பட்டது ஒன்பதரை.

நானும் பீர் முகமதுவும் பனியனோடு, தலையில் ஈரத் துண்டு, மடியில் ஈரச் சாக்கு. அடிவாரத்தில் ஹீட்டரைத் திறந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காற்றை நான் சந்தித்ததில்லை. இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்து இரண்டாவது கியரில் மலையேறுவது போல. நான்காவது வளைவில் துண்டு காய்ந்துவிட்டது. எட்டில் பீர் முகமது யாரையோ உருதுவில் கூப்பிட ஆரம்பித்தார். பதினொன்றில் எனக்கு என் தகப்பனார் தெரிந்தார்.

சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே நடுங்கிக்கொண்டே நின்றது. தாண்டவில்லை.

எதிரே வந்த பஸ் டிரைவர் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "காய்ச்சலா சார்?" என்று கேட்டார்.

பதினெட்டு! பகல் 12.40. சிறுமலை. குளிர்காற்று. நாங்கள் இரண்டு பேரும் இறங்கி ரோட்டோரப் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டோம்.

வழியெல்லாம் ஆடிய ஆட்டத்தில் கேரவன் கொக்கியின் கம்பி வளைந்து இறுகிவிட்டது. ஜீப்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. இருக்கட்டும். வந்துவிட்டோம்.

6-5-99, வியாழன்

அவர்கள் வீட்டு வாசலிலிருந்து சரியாக முப்பதடி தள்ளி, வாழைகளுக்கு நடுவில் தாய் வீடு நிற்கிறது. பீர் முகமது பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார்.

வினோலியா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. இரண்டு வருடத்தில் கொஞ்சம் கறுத்திருக்கிறாள். கேரவன் வாசலில் நின்றாள்.

"உள்ள வா" என்று சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "இது அப்பா வீடுதானே? அப்பா வீட்டு வாசப்படிய நான் மிதிக்கக் கூடாதுல்ல."

"அது அந்த வீடு. இது வேற."

"எல்லாம் ஒரே அப்பா வீடுதான்ப்பா."

நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பேசினோம். தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி, ரேடியேட்டர் பற்றி. அவளுக்கு அழுத்தமும் கொதிநிலையும் இன்னும் நினைவிருக்கிறது.

7-5-99

கேரவன் படியைத் திருகு கழற்றி எடுத்துவிட்டேன். படி இல்லை என்றால் மிதிக்கும் கேள்வியே இல்லை.

இப்போது தரையிலிருந்து கதவு இரண்டடி உயரம். நிறைமாதக்காரியால் ஏற முடியாது. நானே ஒரு முறை விழுந்தேன்.

10-5-99, திங்கள்

விக்னேஷின் தாயார் ஒச்சம்மாள் மூன்று வேளையும் சோறும் தொட்டுக்கொள்ளக் கறியும் கொண்டு வருகிறார். இன்று ஜன்னலில் நின்று கேட்டார்: "ஏன் சம்பந்தி, வெஞ்சனத்த உள்ள வச்சிரவா, இல்ல அதுக்கும் எதுவும் சத்தியம் இருக்கா?"

அதற்கு இல்லை என்றேன்.

அந்த இன்னொரு விஷயத்துக்கு வாழைத்தோப்பின் கோடி வரை போகிறேன். பீங்கானை இறக்கியிருக்கக் கூடாது.

18-5-99, செவ்வாய் - எழுதியது 19 காலை, ஆஸ்பத்திரி வராந்தா

ஒரு வாரம் முன்னாலேயே வலி வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணி. விக்னேஷ் லாரியோடு திண்டுக்கல் சிறுமலை செட் வாழை மார்க்கெட்டுக்குத் தார் இறக்கப் போயிருக்கிறான். அடுத்த பஸ் நாலரைக்கு. இருப்பது என் ஜீப். அதோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு கேரவன்.

ஜீப்பில் உட்கார அவளால் முடியவில்லை. கேரவனில்தான் கட்டில். முந்தின நாள் வந்திருந்த ஐரினும் ஒச்சம்மாளும் இரண்டு பக்கம் பிடித்தார்கள். படியில்லாத இரண்டடியை ஒரே மூச்சில் ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் ஏறலப்பா. வலி ஏறுது."

ஏறும்போது இன்ஜினைத்தான் யோசித்தேன். மூன்று முறை பாதியிலிருந்து இறக்கி ஓட்டியது பீர் முகமது; இறங்கும்போது பிரேக் என்று ஒன்று இருப்பதை நான் இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அம்புட்டுப் பெரிய வீடு பின்னாலிருந்து தள்ளுது. பதினான்காவது வளைவுல பிரேக் கருகுற வாசனை. பன்னிரண்டுல புகை. பின்னால என் பிள்ளை கத்துறா. மிதிச்சா கால் அப்படியே உள்ள போகுது - நிக்கல - மாதாவேன்னு ஒரு சத்தம், அது நான்தான். ஒரு மண்மேட்டுல உரசித்தான் நின்னுச்சு.

எதிரே மினி லாரி ஏறி வந்தது. விக்னேஷ் குதித்து ஓடி வந்தான். முதலில் சக்கரத்துக்குக் கல். அப்புறம் கேரவனுக்குள் தலையை விட்டு அவளைப் பார்த்தான். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். லாரியில் படுக்க வைக்க இடமில்லை. பிரேக் ஆறும்வரை பத்து நிமிடம். பத்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

"மாமா, முதல் கியர். பிரேக்க மறந்துருங்க. இன்ஜினே புடிக்கும்."

"சரி" என்றேன். அவனிடம் நேரடியாக நான் சொன்ன முதல் சொல்.

முதல் கியரில், மனிதன் நடக்கும் வேகத்தில், பன்னிரண்டு வளைவும் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் மாப்பிள்ளை இறங்கிக் கல்லோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கேரவனைப் பார்த்து மறித்தார். "எலெக்ஷன் வண்டியெல்லாம் உள்ள விடக்கூடாது சார்."

இன்று அதிகாலை பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் நலம்.

22-5-99, சனி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் மலைப்பாதையில் அலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பு.

ஆக, கேரவன் இப்போது எங்கள் தெருவில், என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நிற்கிறது. உள்ளே வினோலியாவும் பிள்ளையும். வீட்டுக்குள் வர மாட்டாள். "அப்பா சொன்ன வார்த்தை இருக்குல்ல."

எந்த வீட்டிலிருந்து தாய் வீட்டைக் கிளப்பினேனோ, அதன் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

24-5-99, திங்கள்

வெயில் நூற்று நாலு. கேரவன் தகரம். ஐரின் கூரைமேல் ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு அம்மாள் கேரவனைப் போலியோ சொட்டு மருந்து முகாம் என்று நினைத்துத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே இன்னும் ஆறு பேர்.

ராத்திரியும் ஐரின் கேரவனிலேயே பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். விசிறியின் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

25-5-99

பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

26-5-99, புதன்

மத்தியானம் மூன்று மணிக்குக் கடப்பாரையை எடுத்தேன்.

எங்கள் வாசப்படி ஒரே கருங்கல். இடித்தேன். சிமெண்டு தெறித்தது. தெருவில் எல்லோரும் வந்து நின்றார்கள். வெளியே கல் புரண்டு விழுந்த சத்தத்தில் பிள்ளை விழித்து அழுதது. வினோலியா கேரவன் ஜன்னலுக்கு வந்தாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"படிய எடுக்குறேன்."

"எதுக்கு?"

"படி இல்லேன்னா மிதிக்க முடியாதுல்ல. மிதிக்காம வந்துரலாம்ல."

அவள் முகம் சிரிப்பது மாதிரி போய் அழுகையாக நின்றது.

"ஏம்ப்பா... 'வா'ன்னு ஒரு சொல்லு சொல்றதுக்கு இம்புட்டுப் பெரிய கடப்பாரையா?"

நான் நின்றேன். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தேன். ஐம்பத்தொன்பது வயசு. தெருவே பார்க்குது. அன்னைக்கும் தெருவே பார்க்கத்தான சொன்னேன்?

"வாம்மா" என்றேன். "உள்ள வா. பிள்ளைக்கு வேர்க்குது."

இறங்கி வந்தாள். வந்து பார்த்தால் வாசலில் இரண்டடிப் பள்ளம். படி இல்லை. பச்சை உடம்புக்காரி எப்படித் தாண்டுவாள்?

புரண்ட கல்லைத் திரும்பத் தூக்க என் ஒருவனால் முடியவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். மண் கொட்டி, கல் நிறுத்தி, ஆடாமல் முட்டுக் கொடுக்க ஒரு மணி நேரம். அதுவரை அவள் பிள்ளையோடு தெருவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ குடை பிடித்தார்கள்.

பிறகு மிதித்து வந்தாள்.

14-11-99, ஞாயிறு, சிறுமலை

மூன்று நாளாக மழை. பூசை முடிந்து எட்டரை பஸ்ஸில் ஐரினும் நானும் வந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இறங்கினதும் பேத்தியின் சத்தம் கேட்டது. நேரே உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. அடுக்களையிலிருந்து வினோலியா வந்து பார்த்துவிட்டு ஒரே கத்தல்: "அப்பா! சேத்துக் காலோட அப்படியே உள்ள வந்துருக்கீங்களே! இப்பத்தான தொடச்சேன்!"

திரும்பிப் பார்த்தேன். வாசப்படியிலிருந்து தொட்டில் வரை சேறு.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே துணி எடுத்து வந்தார். நான் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தேன்.